பறக்கும் மனிதனின் பன்னிரண்டு பாட்டுகள்

சின்ன மாமா கனடாவில் இருந்து வந்து எங்கள் வீட்டில் நான்கு நாட்கள் தங்கி நின்றார். சண்டை ஓய்ந்து பாதை திறந்து, வெளிநாடு போனவர்கள் எல்லாம் வாடகைக்கு வான் வண்டி பிடித்து ஊர் பார்க்க வந்துகொண்டிருந்த காலம் அது. தலைமயிரை முள்ளு முள்ளாக நிமிர்த்தி விட்டிருந்த அவரைப் பார்ப்பதற்கென்றே முரசுமோட்டையில் பாதிப்பேர் எங்கள் முற்றத்துக்கு வந்து போனார்கள். திரும்பும்போது அம்மாவுக்கு ஒரு கைப்பையும் அப்பாவுக்கு ஒரு மணிக்கூடும் எனக்கு ஒரு பாட்டுக் கசற்றும் தந்தார். கைப்பை அலுமாரிக்குள் போனது. மணிக்கூடு அப்பாவின் கையில் ஏறியது. கசற்தான் வீட்டைக் கலக்கியது.

"மருமோன், இது ஒரு இங்கிலிஸ் படத்தின்ர பாட்டு. ரொக். நெஞ்சுக்குள்ள வந்து இடிக்கும். ஹீரோ பறப்பான்," என்றார் மாமா, வானுக்குள் ஏறிக்கொண்டே. படத்தின் கதை என்னவென்று நான் கேட்பதற்குள் வான் புழுதிக்குள் மறைந்துவிட்டது.

கசற்றின் மட்டையில் ஒருவன் உயர்ந்த கட்டடமொன்றின் நுனியில் குந்தியிருந்தான். முகத்தில் முகமூடி. முதுகில் ஒரு நீளத் துணி காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. அப்பா அதை வாங்கி நேராகவும் தலைகீழாகவும் பார்த்தார்.

"இடுப்பில கட்டுற சாரத்தைக் கழட்டி முதுகில கட்டியிருக்கிறான். இவனுக்கு என்ன நடந்தது?"

அப்பா இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். அம்மா அதைவிட ஒரு வகுப்பு கூட. எங்கள் வீட்டில் இங்கிலிஸ் எழுத்தைப் பார்த்து வாசித்த முதலாவது ஆள் நான்தான். அப்போது எனக்குப் பத்து வயது. ஒவ்வொரு சனிக்கிழமையும் அப்பா என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு கிளிநொச்சிக்கு இங்கிலிஸ் வகுப்புக்குப் போவார். வகுப்பு முடியும் வரைக்கும் வெளியே பூவரச மரத்தடியில் நிற்பார். திரும்பி வரும் வழியில் "இண்டைக்கு என்ன புதுசு?" என்று கேட்பார். நான் இரண்டு மூன்று சொற்களைச் சொல்வேன். அவர் அவற்றைத் திரும்பச் சொல்லிப் பார்க்கமாட்டார். தலையை மட்டும் ஆட்டுவார்.

இந்த வகுப்பு பெரியப்பாவுக்குப் பிடிக்காது. பெரியப்பா என்றால் அம்மாவின் அக்காவைக் கட்டியவர். வட்டக்கச்சியில் அரிசி மில்லும், முரசுமோட்டையில் வயலும், இரண்டு உழவு மெசினும் வைத்திருந்தார். அதில் ஒரு மெசினைத்தான் அப்பா ஓட்டினார். "மெசினுக்கு இங்கிலிஸ் விளங்காது கண்டியோ. பெடியனைச் சனிக்கிழமையில மில்லுக்கு அனுப்பு, தொழிலையாவது பழகட்டும்," என்று பெரியப்பா காணும்போதெல்லாம் சொல்வார். பெரியப்பாவின் சொல்லை அப்பா எதிலும் தட்டியதில்லை. இந்த ஒன்றில் மட்டும் "பாப்பம் அண்ணை" என்பார். அப்பாவின் அகராதியில் 'பாப்பம்' என்றால் 'மாட்டன்' என்று அர்த்தம்.

எங்கள் பக்கத்துக்கு அப்போது கரண்ட் வரவில்லை. பின்னேரம் அப்பா வயலால் வந்து மெசினை முற்றத்தில் நிறுத்தியதும் அதன் பற்றரியில் இருந்து இரண்டு வயரை இழுத்துப் பழைய கசற் றேடியோவில் கொழுவுவோம். அன்றைக்கும் அப்படித்தான் கொழுவினோம். முதலாவது பாட்டு தொடங்கியதுமே முற்றத்தில் நின்ற கோழிகள் வேலியைத் தாண்டிவிட்டன. அம்மா குசினிக்குள் இருந்து அகப்பையோடு ஓடிவந்தா.

"என்னடா இது? உன்னைப் பெறேக்குள்ள நான்கூட இப்பிடிக் கத்தேல்லை."

அப்பா முகம் சுளிக்கவில்லை. மெசினோடு வாழ்கிறவருக்குச் சத்தம் புதிதில்லை. தலையைச் சரித்து, கண்ணை மூடி, எஞ்சினுக்குக் காது கொடுப்பதைப்போலக் கேட்டுவிட்டு, "நல்லா இழுக்குது," என்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"என்ன சொல்லுறான் தம்பி?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கிற்றாரும் மேளமும் மோதிக்கொண்ட இரைச்சலுக்குள் இருந்து 'நாளை', 'வீதி' என்று இரண்டே சொற்கள் எனக்குத் தெரிந்தவையாக வெளியே வந்து விழுந்தன. ஆனால் பூவரச மரத்தடியில் இத்தனை சனிக்கிழமைகள் நின்றவரிடம் தெரியாது என்று எப்படிச் சொல்வது?

"அவர் நாளைக்குப் பட்டணத்துக்கு வரப்போறாராம் அப்பா. வீதியால வாறார்," என்றேன்.

"அப்ப இது அறிமுகப் பாட்டு," என்றார் அப்பா, அம்மாவிடம்.

எங்களுக்கு இது புதிதல்ல. எந்தப் படத்துக்கும் பாட்டுத்தான் எங்கள் ஊருக்கு முதலில் வரும். படம் மாதக்கணக்கில் கழித்து வரும், அல்லது வராமலே போகும். பாட்டைக் கேட்டே இது கதாநாயகன் வரும் இடம், இது காதல், இது தாயைப் பிரியும் கட்டம் என்று நாங்கள் படத்தை ஓட்டி முடித்திருப்போம். ஆகவே இந்தப் பன்னிரண்டு பாட்டையும் அந்த முகமூடிக்காரன் படத்தில் பன்னிரண்டு இடத்தில் நின்று பாடுவான் என்பதில் யாருக்கும் ஐயம் வரவில்லை. எனக்கும் வரவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். நான் பொய் சொல்கிறேன் என்று அப்போது நான் நினைக்கவில்லை. சொற்களுக்கு இடையில் உள்ள வெளியை நிரப்புகிறேன் என்றே நினைத்தேன்.

ஒரு கொப்பியில் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கினேன். திரும்பத் திரும்பக் கேட்டு, விளங்கிய சொற்களை எழுதினேன். சில பாட்டுக்கு ஏழு சொல் கிடைத்தது. மூன்றாவது பாட்டில் பாடியவன் பல்லைக் கடித்துக்கொண்டு பாடியதால் ஒரு சொல்லும் கிடைக்கவில்லை. அதை வில்லனுக்குக் கொடுத்துவிட்டேன். நாலாவது பாட்டு மெதுவானது, காதல் பாட்டேதான். ஆனால் கடைசிவரைக்கும் ஒரு பெண்குரல்கூட வரவில்லை. இரண்டு நாள் யோசித்து, கதாநாயகி வாய் பேசாதவள் என்று முடிவு செய்தேன்.

ஆறாவது பாட்டுத்தான் எனக்கு மிகவும் பிடித்தது. மழை, கதவு, முதுகு, தண்ணீர், பிடி. இந்த ஐந்து சொற்களும் கிடைத்த அன்றைக்கே கட்டம் முழுவதும் என் கண்ணில் வந்து நின்றுவிட்டது. பட்டணத்தில் பெருமழை. ஆற்றின் கரை உடைக்கிறது. ஆட்கள் மண்மூட்டை தேடி ஓடுகிறார்கள். முகமூடிக்காரன் பறந்து தன் வீட்டுக்குப் போய் முன்கதவைக் கழற்றி முதுகில் சுமந்து வந்து, உடைப்பில் இறங்கி, கதவை நிறுத்தி, அதற்கு முதுகைக் கொடுத்துக்கொண்டு நிற்கிறான். நெஞ்சு மட்டும் தண்ணீர். மூட்டைகள் வந்து சேரும்வரை அவன் அசையவில்லை. அந்தப் பாட்டில் பாடகன் ஓரிடத்தில் மூச்சை இழுத்து ஒரே குரலை நெடுநேரம் பிடித்திருப்பான். அதுதான் அவன் கதவைப் பிடித்திருக்கும் நேரம் என்று நான் சொல்வேன்.

கதை அக்கம்பக்கத்துக்குப் பரவியது. பின்னேரமானால் மெசினைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர் கூடிவிடுவார்கள். அப்பா கசற்றைப் போடுவார். பாட்டு முடிந்ததும் நிறுத்துவார். நான் மெசினின் பெரிய சில்லுக்கு மேலே மட்காட்டில் ஏறியிருந்து சொல்வேன். கோயிலில் புராணப் படிப்பு நடக்கும்போது ஒருவர் செய்யுளைப் பாட மற்றவர் அதன் பொருளை விரித்துப் பயன் சொல்வார். அதே ஒழுங்கு எங்கள் முற்றத்தில் தானாகவே வந்துவிட்டது. "கசற் படிக்குது, பெடியன் பயன் சொல்லுறான்," என்று எதிர்வீட்டு அண்ணை சொன்னார். ஒரு அக்கா ஊமைக் கதாநாயகிக்காக உண்மையாகவே கண் கலங்கினா.

"பாவம். பிறவியிலயோ தம்பி?"

"இல்லை அக்கா. பயந்ததில."

"படம் முடியேக்குள்ள பேசுவாளோ?"

எனக்கு அந்த அக்காவைக் கைவிட மனம் வரவில்லை. "பன்னிரண்டாம் பாட்டில பேசுவா," என்றேன்.

அப்பாவின் முகத்தை நான் அந்த நாட்களில்தான் அப்படிப் பார்த்தேன். ஆட்கள் என்னிடம் கேள்வி கேட்கும்போது அவர் என்னைப் பார்க்கமாட்டார். கேட்கிறவரைப் பார்ப்பார். 'என்ன, பதில் வந்ததோ இல்லையோ' என்பதுபோல. ஒன்றே ஒன்றுதான் எனக்குக் குறையாக இருந்தது. ஆறாவது பாட்டு வந்ததும் அப்பா எழுந்து போய்விடுவார். நான் கதவைக் கழற்றத் தொடங்கும்போது அவர் கிணற்றடியில் நிற்பார். "எங்கை போறியள்?" என்று யாராவது கேட்டால் "தண்ணி விடாய்க்குது," என்பார். மற்றவர்கள் அவர் போகும் திசையைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரிப்பார்கள். என்னுடைய மிக நல்ல கட்டத்தில் என்னுடைய ஆள் இல்லாமல் போகிறாரே என்று எனக்குக் கவலையாக இருக்கும்.

கதவு என்றதும் எங்கள் வீட்டுக் கதவைப் பற்றியும் சொல்லவேண்டும். நல்ல பாலைமரக் கதவு. ஆனால் கீழ்ப்பாதி ஊதி, நிலையோடு பொருந்தாமல் நிற்கும். கயிற்றால்தான் கட்டி வைப்போம். சண்டைக்குள் இடம்பெயரும்போது கதவையும் யன்னலையும் கழற்றி ஏற்றிக்கொண்டு போவது எங்கள் ஊர் வழக்கம். எங்களுடைய அந்தக் கோணல் கதவும் எங்களோடு ஓடி, எங்களோடு திரும்பி வந்திருந்தது. நாய் குசினிக்குள் புகும் நாட்களில் அம்மா அப்பாவைத்தான் பேசுவா. "எல்லாம் உங்கட வேலையாலதான். எப்பிடி இருந்த கதவு!" அப்பா கயிற்றை எடுத்து இன்னும் இறுக்கிக் கட்டுவார். அப்பாவுக்குத் தச்சுவேலை சரிவராது என்று நான் விளங்கி வைத்திருந்தேன்.

ஒருநாள் மெசினின் வேலை பார்க்க வந்த பெரியப்பா கூட்டத்தைக் கண்டு நின்றுவிட்டார். கதிரை கொண்டுவந்து கொடுத்தார்கள். எனக்கு உற்சாகம் கூடிவிட்டது. வில்லனுக்குக் குரலை மாற்றிச் சொன்னேன். பெரியப்பா வாய்விட்டுச் சிரித்தார். ஆறாவது பாட்டு வந்தது. அப்பா எழுந்து போனார். கதாநாயகன் கதவோடு உடைப்பில் இறங்கி நின்றபோது பெரியப்பாவின் சிரிப்பு நின்றிருந்தது.

"டேய், பொறு. இது கொப்பர் சொல்லித் தந்த கதையோ?"

எனக்குச் சிரிப்பு வந்தது. கையெழுத்து வைப்பதற்கே வேர்க்கிற அப்பா எனக்கு இங்கிலிஸ் சொல்லித் தருவதாவது!

"இல்லைப் பெரியப்பா. எல்லாம் பாட்டிலதான் இருக்கு," என்று கொப்பியைக் காட்டினேன்.

அவர் கொப்பியை வாங்கவில்லை. கிணற்றடியில் நின்ற அப்பாவைக் கூப்பிட்டார்.

"தம்பி, நான் வாற கிழமை வவுனியாவுக்கு மில்லுச் சாமான் எடுக்கப் போறன். இந்தப் படத்தின்ர சீடியையும் எடுத்துக்கொண்டு வாறன். எல்லாரும் வாங்கோ, என்ர வீட்டிலயே போட்டுப் பாப்பம். இவன் சொல்லுறது படத்தில இருந்தா வகுப்புக்குப் போகட்டும், நான் இனி வாய் திறக்கமாட்டன். இல்லையெண்டா, அடுத்த சனிக்கிழமையே மில்லுக்கு வரவேணும். சரியோ?"

இத்தனை பேருக்கு முன்னால் 'பாப்பம் அண்ணை' என்று சொல்ல வழியில்லை. அப்பா ஈரக் கையைச் சாரத்தில் துடைத்தார்.

"ஓம் அண்ணை," என்றார்.

அன்று இரவே விளக்கைக் கொளுத்தினேன். கொப்பியை எடுத்து எண்ணிப் பார்த்தேன். பன்னிரண்டு பாட்டுக்கும் சேர்த்து ஐம்பத்தொரு சொல். ஐம்பத்தொரு சொல்லை வைத்து இரண்டு மணித்தியாலப் படத்தைக் கட்டியிருக்கிறேன். ஊமைப் பெண்ணையாவது விட்டிருக்கலாம்.

பெரியப்பா சொன்னபடியே சீடியோடு வந்தார். வவுனியாவில் ஒரு முஸ்லிம் முதலாளியின் கடையில் தேடி எடுத்தாராம். மட்டையில் அதே கட்டடம், அதே சாரம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மெசினுக்குப் பின்னால் இழுவைப் பெட்டியைக் கொழுவி எங்கள் ஊர்ச் சனம் முப்பது பேர் வட்டக்கச்சிக்குப் புறப்பட்டது. நான் முன்னால் அப்பாவுக்குப் பக்கத்தில் மட்காட்டில் இருந்தேன். பெட்டிக்குள் இருந்து சின்னப் பிள்ளைகள் முதலாவது பாட்டின் மெட்டை வாயால் இடித்துக்கொண்டு வந்தார்கள்.

"அப்பா," என்றேன். "பாட்டு மாறிக்கீறி வந்தா?"

அப்பா பாதையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "மாறி வந்தா மாறி வரட்டும். நீ தலையைக் குனிஞ்சுகொண்டு இராதை. அவ்வளவுதான்."

பெரியப்பா வீட்டு மண்டபத்தின் யன்னல்களை உரச்சாக்குகளால் மூடி இருட்டாக்கியிருந்தார்கள். பின்வளவில் ஜெனரேற்றர் இரைந்தது. ரீவிக்குப் பக்கத்தில் எனக்கென்று ஒரு கதிரை. எல்லாரும் ரீவியைப் பார்க்க, நான் எல்லாரையும் பார்க்கும்படி அதை வைத்திருந்தார்கள்.

படம் தொடங்கியது. பட்டணம் வந்தது. முகமூடிக்காரன் வந்தான். கட்டடத்துக்குக் கட்டடம் பாய்ந்தான். முப்பது பேரும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் பாடவில்லை.

"தம்பி, அறிமுகப் பாட்டு எங்கை?" என்று எதிர்வீட்டு அண்ணை கேட்டார்.

"இனித்தான் வரும்."

"ஆள் வந்து பத்து நிமிசமாச்சு. இனி ஆரை அறிமுகம் செய்யிறது?" என்றார் பெரியப்பா இருட்டுக்குள் இருந்து.

கதாநாயகி வந்தாள். வந்ததில் இருந்து வாய் மூடவில்லை. தொலைபேசியில் பேசினாள், தெருவில் பேசினாள், அவனைத் திட்டினாள். கண் கலங்கிய அக்கா திரும்பி என்னைப் பார்த்தா. "இவள் தங்கச்சிக்காரியோ?" என்று எனக்கு வழியும் விட்டுத் தந்தா. நான் ஓம் என்று தலையாட்டிவிட்டேன்.

ஆனால் ஒன்று நடந்தது. அதை அந்த மண்டபத்தில் யாருமே கவனிக்கவில்லை. கதாநாயகன் ஒரு கிழவியின் வீட்டு வாசலில் நின்று ஏதோ கேட்டான். 'உள்ளே வா, மழையில் நிற்காதே' என்று அந்தக் கிழவி சொன்னாள். எனக்கு அது விளங்கியது. ஊகம் இல்லை, முழு வசனமும் விளங்கியது. நான் அதை உரத்துச் சொன்னேன். அடுத்ததாக அவன் 'எனக்கு நேரமில்லை' என்றான். அதையும் சொன்னேன். பிறகு நெடுநேரம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு மறுபடியும் ஒன்று. இரண்டு சீடியும் ஓடி முடிவதற்குள் ஒன்பது வசனம் அப்படி எனக்கு வந்து சேர்ந்தது. அவமானத்தால் காது சுட்டுக்கொண்டிருந்த அந்த நேரத்திலும், ஒவ்வொன்று விளங்கும்போதும் நான் கதிரையில் கொஞ்சம் நிமிர்ந்தேன்.

சீடி மாற்றும்போது பெரியப்பா எழுந்து நின்றார். "அரைப்படம் போச்சு. பாட்டைக் காணேல்லை. ஆத்தையும் காணேல்லை."

"மற்ற அரைப்படம் கிடக்குதுதானே," என்றார் அப்பா.

மற்ற அரைப்படத்தில் மழையே பெய்யவில்லை. ஒரு கட்டடம் எரிந்தது. "கதவு எப்ப வரும்? கதவு எப்ப வரும்?" என்று ஒரு பிள்ளை தாயை அரித்துக்கொண்டிருந்தது. முகமூடிக்காரன் கதவுகளை உடைத்தானே தவிர ஒன்றையாவது முதுகில் சுமக்கவில்லை. வில்லன் செத்தான். கதாநாயகன் கட்டடத்தின் நுனியில் போய்க் குந்தினான். திரை கறுத்தது. வெள்ளை எழுத்துகள் கீழே இருந்து மேலே ஏறத் தொடங்கின.

படம் முடிந்தது. ஒரு பாட்டும் இல்லை.

ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை. அதுதான் மோசமாக இருந்தது. சாரத்தைத் தட்டிக்கொண்டு எழும்பினார்கள். பெரியப்பா அவசரப்படாமல் நடந்து வந்து சீடிப் பெட்டியை நிறுத்தக் கை நீட்டினார்.

அப்போதுதான் கிற்றார் வந்தது.

முதலில் ஒரு தந்தி. பிறகு மேளம். பிறகு, கோழிகளை வேலி தாண்ட வைத்த அந்தக் குரல். முதலாவது பாட்டு!

"நிப்பாட்டாதேங்கோ அண்ணை!" அப்பா பாய்ந்து வந்த வேகத்தில் ஒரு கதிரை விழுந்தது. பெரியப்பாவின் கையை அப்பா பிடித்துவிட்டார். ஆயுளில் முதன்முறையாக. "இருங்கோ, எல்லாரும் இருங்கோ! பாட்டு வந்திட்டுது!"

எழும்பிய முப்பது பேரும் திரும்பவும் இருந்தார்கள். படம் இல்லை, ஆள் இல்லை, கறுப்புத் திரையில் பெயர்கள் மட்டும் ஏறிக்கொண்டிருந்தன. எங்கள் ஊர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. சின்னப் பிள்ளைகள் மெட்டை வாயால் இடித்தார்கள். பிறகு பெரியவர்களும் தொடையில் தட்டத் தொடங்கினார்கள். அத்தனை பேருக்கும் அந்தப் பாட்டு மனப்பாடம். எதிர்வீட்டு அண்ணை, பாடகன் கத்துகிற இடம் வரப்போகிறது என்று முன்கூட்டியே கையைத் தூக்கிக் காட்டினார். சரியாக அந்த இடத்தில் கத்தினான். மண்டபமே சிரித்தது.

பாட்டு முடிந்தது. பெரியப்பா சும்மா விடவில்லை. "சரி, ஒரு பாட்டு இருக்கு. அதுவும் படம் முடிஞ்சாப்பிறகு. மிச்சம் பதினொண்டும் எங்கை?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் கொப்பியைப் பார்த்தேன்.

"வெட்டிப்போட்டாங்கள்," என்றார் அப்பா.

"ஆர்?"

"என்ன கதை கதைக்கிறியள் அண்ணை? சீடி வவுனியாவில இருந்து வந்தது. வழியில எத்தினை செக்கிங்? சீமெந்து முழுசா வந்ததோ? பற்றரி வந்ததோ? சவுக்காரத்தையே குத்திப் பாத்துத்தான் விட்டவங்கள். பன்னிரண்டு பாட்டு முழுசா வருமோ? கடைசியில ஒளிச்சு வைச்ச ஒண்டு தப்பி வந்திருக்கு."

மண்டபத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அது ஏளனம் இல்லை, ஆமோதிப்பு. எங்கள் வாழ்க்கையில் எந்தப் பொருள் முழுதாக வந்து சேர்ந்தது? "உண்மைதான். கதவுக் கட்டத்தைக் கட்டாயம் வெட்டியிருப்பாங்கள்," என்றா அந்த அக்கா. "அவள் பேசாமல் இருந்த இடத்தையும்."

"எந்தப் பக்கத்தில வெட்டினவங்கள்?" என்று பின்னால் இருந்து ஒரு பெடியன் கேட்டான்.

பாதையின் ஒரு முனையில் ஆமியின் சோதனை, மறுமுனையில் இயக்கத்தின் சோதனை. எந்தப் பக்கம் என்ற கேள்வியை முப்பது பேர் இருக்கிற இடத்தில் யாரும் தொடர்வதில்லை. பெரியப்பாவும் தொடரவில்லை. யன்னலில் இருந்து உரச்சாக்கை ஒவ்வொன்றாகக் கழற்றினார். வெளிச்சம் உள்ளே வந்தது.

நாங்கள் மெசினில் ஏறும்போது பெரியப்பா பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். அப்பாவைப் பார்க்கவில்லை. என் தலையில் கையை வைத்தார்.

"டேய், அந்தக் கதவுக் கட்டம் இருந்திருக்கலாம். அது நல்ல கட்டம்." கையை எடுத்துக்கொண்டே, "வகுப்பை விடாதை," என்றார்.

வழியெல்லாம் அப்பா மெசினின் இரைச்சலுக்கு மேலால் முதலாவது பாட்டைப் பாடிக்கொண்டு வந்தார். ஒரு சொல்லும் சரியில்லை. நான் பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இருந்தேன். என் அப்பாவையே நான் நம்பவைத்துவிட்டேன், ஊரையே நம்பவைத்துவிட்டேன் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

வகுப்பு நிற்கவில்லை. அந்த ஒன்பது வசனம் தொண்ணூறாகி, பிறகு எண்ண முடியாமல் போனது. பின்னாளில் கொழும்பில் ஒரு கணினியின் முன்னால் இருந்து, அந்த இசைத்தட்டைப் பற்றித் தேடிப் படித்தேன். பன்னிரண்டில் ஒன்றுதான் படத்துக்குள் இருக்கிறது. மிச்சப் பாட்டுகளைப் பல குழுக்கள் அந்தக் கதையை நினைத்து வெளியே இருந்து செய்து கொடுத்திருக்கின்றன. கசற் மட்டையிலேயே அது சின்ன எழுத்தில் இருந்திருக்கும். அவர்கள் படத்தை வைத்துப் பாட்டைச் செய்தார்கள். நான் பாட்டை வைத்துப் படத்தைச் செய்தேன். அதில் எனக்கு இப்போது வெட்கம் இல்லை.

ஆனால் அதற்கு முன்பே இன்னொன்று எனக்குத் தெரியவந்திருந்தது. கடைசிச் சண்டைக்குப் பிறகு, முகாமில் இருந்து எங்களைச் சொந்தக் காணிக்குத் திரும்ப விட்ட நாள். கூரை இல்லை. சுவர் பாதி நின்றது. முன்வாசல் நிலை மட்டும் அப்படியே நிற்க, அதற்குள் கதவு இல்லை. இந்த முறையும் கழற்றிக்கொண்டுதான் ஓடினோம். எங்கேயோ ஓரிடத்தில் அதை விடவேண்டி வந்தது. அம்மா அந்த வெறும் நிலையைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தா.

"கொப்பர் முதுகில காவின கதவு. அதுவும் போயிட்டுது."

"எப்ப சுமந்தவர்?"

"உனக்கு மூண்டு வயசு. மாரி மழை. பெரிய வாய்க்கால் உடைப்பெடுத்து, பெரியப்பான்ர வயல் முழுக்க அள்ளுப்படப் போகுது. மூட்டை வர நேரமாகுமெண்டு இந்த மனிசன் வந்து வீட்டுக் கதவைக் கழட்டிக்கொண்டு ஓடினது. நெஞ்சு மட்டும் தண்ணிக்குள்ள, கதவுக்கு முதுகைக் குடுத்துக்கொண்டு நிண்டவர். ஊரே வாய்க்கால் கட்டில நிண்டு பாத்தது. நீ என்ர இடுப்பில இருந்து கை தட்டினனி."

நான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அந்த மட்காட்டைச் சுற்றியிருந்தவர்கள், வட்டக்கச்சி மண்டபத்தில் இருந்தவர்கள், பெரியப்பா, எல்லாருக்கும் தெரிந்த கதை. அதைத் தெரியாத ஒரே ஆள் அதைச் சொல்லிக்கொண்டிருந்தவன்தான். பாட்டில் இருக்கிறது என்று கொப்பியைக் காட்டி வாதாடியவன்.

முற்றத்தில் புல்லுச் செருக்கிக்கொண்டிருந்த அப்பா மண்வெட்டியைச் சாய்த்து வைத்தார். "அது சின்ன உடைப்பு," என்றார். பிறகு கிணற்றடிப் பக்கம் நடந்தார். அந்தக் கிணறு இன்னும் இறைக்கப்படவில்லை, அதில் குடிக்கக்கூடிய தண்ணீர் இல்லை என்பது அவருக்கும் தெரியும்.

ஆறாவது பாட்டுக்கு அவர் எழுந்து போன ஒவ்வொரு முறையும், அப்பாவுக்குத் தாகம் என்றே நான் நினைத்திருந்தேன்.